‘காணும்’ என்று சொல்லாத அத்தான்

மொன்றியலுக்கு நான் போனது அக்காவைப் பார்க்க. ஆனால் என் பெட்டியில் பாதி இடத்தைப் பிடித்திருந்தது வேறொரு வீட்டுக்கான பித்தளைச் செம்பு. வவுனியாவில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற மனோன்மணி அக்கா, நான் கனடா போகிறேன் என்று காதில் விழுந்ததுமே அதைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டு வந்துவிட்டார். மொன்றியலில் இருக்கும் அவருடைய மச்சாள் ஜெயந்தியின் மகள் கயலுக்குக் கல்யாணம். அந்தக் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் வாசலில் நிறைகுடமாக நிற்பது அந்தச் செம்புதான்.

“தம்பி, வீட்டு வாசலில வச்சுக் கையில குடுக்கவேணும். கடை, றோட்டு எண்டு கண்ட இடத்தில குடுத்திடாதையும்” என்றார்.

நான் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கிறவன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். கடைக்கு வருகிறவர்களின் வாயைப் பார்த்துப் படித்ததுதான் மிச்சமெல்லாம். ஒருவர் ஒன்றை வடிவாகச் சொல்லிவிட்டால், எண்ணிக்கொண்டிருந்த நட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஆகவே இந்தக் கட்டுரையில் தேவாலயங்களும் கோபுரங்களும் குறைவாக இருக்கும். மனிதர்கள் சொன்னது கூடுதலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அம்மா செம்பைத் தட்டிப் பார்த்தார். அது கணீரென்று ஒரு சத்தம் போட்டது. “உள்ளே என்ன?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் “காற்று” என்றேன். “எதற்கு?” “கல்யாணத்துக்கு.” அவர் இன்னொரு தரம் தட்டி, அந்தச் சத்தம் அடங்கும்வரை காது கொடுத்துக் கேட்டார். “என் கல்யாணத்துக்கு எல்லாரும் ரொட்டி சுடும் மெஷின்தான் தந்தார்கள். ஒன்றும் இப்படிப் பாடவில்லை” என்று சொல்லிப் போகவிட்டார். நல்ல ஊருக்குத்தான் வந்திருக்கிறேன் என்று அப்போதே நினைத்தேன்.

அக்காவும் அத்தானும் காரோடு வந்திருந்தார்கள். அக்காவின் பெயர் பரிமளம். அத்தான் சென்ட் லோரன்டில் மாத்திரை செய்கிற தொழிற்சாலையொன்றில் பெட்டி அடுக்குகிற பகுதிக்குப் பொறுப்பாளர். தெருவெல்லாம் செம்மஞ்சள் நிறக் கூம்புகள். எங்கே பார்த்தாலும் தோண்டியிருக்கிறார்கள்.

“இது தாங்களாவே குஞ்சு பொரிக்குது மச்சான்” என்றார் அத்தான். “போன கிழமை இந்த மூலையில ஒண்டுதான் நிண்டது. இப்ப பார், குடும்பமா நிக்குது.”

நான் சிரித்துக்கொண்டே, “அத்தான், சிவநேசன் அண்ணை வீட்டுக்கு ஒரு செம்பு கொண்டுவந்திருக்கிறன். எப்ப போவம்?” என்று கேட்டேன். சிவநேசன்தான் ஜெயந்தி அக்காவின் கணவர். அவரும் அத்தானும் முதன்முதலில் இந்த நாட்டுக்கு வந்து ஒரே நிலவறையில், ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் என்பது எங்கள் ஒழுங்கைக்கே தெரியும்.

அத்தான் வானொலியைப் போட்டார். அது பிரெஞ்சில் ஏதோ சொன்னது. அக்கா பின்னால் கையை நீட்டி என் தொடையில் கிள்ளினாள். சின்ன வயதில் கிள்ளிய அதே இடம்.

வீட்டில் அத்தான் குளிக்கப் போன நேரத்தில், புட்டை அவித்து இறக்கிக்கொண்டே அக்கா கதையைச் சொன்னாள்.

“ரெண்டு வருசமாக் கதைக்கிறேல்லை, தம்பி.”

“ஏன், காணிப் பிரச்சினையோ? கோயில் பிரச்சினையோ?”

“பேஸ்போல்” என்றாள் அக்கா.

எனக்கு விளங்கவில்லை. அக்கா புட்டுக்குழலை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒழுங்காகவே சொன்னாள்.

சென்ட் லோரன்ட் தொழிற்சாலை ஆட்கள் சேர்ந்து கோடையில் பேஸ்போல் விளையாடுகிறார்கள். தமிழர், மொரோக்கோக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர் எல்லாம் கலந்த அணி. பரம எதிரி, பியர்பொன்ட்ஸ் அணி. சிவநேசன் அண்ணை பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிப் போன பிறகும் சென்ட் லோரன்டுக்குத்தான் ஆடினார். அத்தானுக்கு முழங்கால் போய்விட்டதால் வேலிக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து கத்துவது மட்டும்தான் அவருடைய ஆட்டம். ஒருநாள் நடுவர் வரவில்லை. விதி தெரிந்தவர், சண்டைக்குப் போகாதவர் என்று இரண்டு பக்கமும் சேர்ந்து அத்தானை நடுவராக நிறுத்திவிட்டார்கள். ஆட்டத்தின் கடைசிக் கட்டம். ஓர் ஓட்டம் எடுத்தால் சமம். சிவநேசன் அண்ணை ஓடிவந்து, சறுக்கி விழுந்து, ஓட்டம் முடிகிற வீட்டுத் தளத்தைத் தொட்டாரா தொடவில்லையா என்கிற நிலை.

“இவர் அவுட் எண்டிட்டார்” என்றாள் அக்கா. “சொந்தச் சிநேகிதன். சொந்த அணி. அவுட் எண்டு கையைத் தூக்கிப்போட்டார்.”

“உண்மையில அவுட்டே?”

“இவர் அவுட் எண்டுதான் சொல்லுறார். அந்தாள் எழும்பி, உடுப்பில புழுதியோட நிண்டு, ‘ஒரு சட்டியில திண்டவன் எனக்கு அவுட் சொல்லிப்போட்டான்’ எண்டு சொல்லிப்போட்டுப் போனதுதான். அடுத்த வருசம் பியர்பொன்ட்ஸ் அணியில சேந்திட்டார்.”

உலகத்தில் எத்தனையோ விதமான பகையைக் கடைக் கல்லாவில் இருந்து கேட்டிருக்கிறேன். இப்படியொன்றைக் கேட்டதில்லை.

அடுத்த நாள் அக்காவோடு தமிழ்க் கடைக்குப் போனேன். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பெண் முருங்கைக்காயை முறித்துப் பார்ப்பதுபோல நின்றார். அக்காவும் அதே முருங்கைக்காயை எடுத்துப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்தான் ஜெயந்தி அக்கா. புதன்கிழமை தோறும் இந்த மூட்டைகளுக்குப் பின்னால் இந்தச் சந்திப்பு நடக்கிறதாம். கடைக்காரர் எங்களைப் பார்த்து, “தம்பி, இந்தப் பக்கம் ஆக்கள் வந்தால் நான் இருமுவன்” என்றார். அவருக்கும் அதில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்.

அங்கேதான் என் அக்காவின் உண்மையான கவலை என்னவென்று தெரிந்தது. கயலைப் பெற்றது ஜெயந்தி அக்கா. இங்கே தாய்மார் வேலைக்குப் போக, பிள்ளைகளை கார்த்ரி என்கிற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் விடுவார்கள். கயலுக்கு அந்த கார்த்ரி என் அக்காவின் வீடுதான். குளிக்க வார்த்து, தலை இழுத்து, தமிழில் ஏசி வளர்த்தவள் அக்கா. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணம் வரப்போகிறது. எல்லா வீடுகளுக்கும் சொல்லியாகிவிட்டது, ஒரு வீட்டைத் தவிர.

“சோடியாப் போய்ச் சொல்லாட்டி அது கல்யாணம் சொன்னதில்லைத் தம்பி” என்றார் ஜெயந்தி அக்கா. “நான் தனிய வந்து சொல்ல ஏலும். பரிமளமும் வருவாள். ஆனால் உங்கட அத்தான் வராமல் இவள் தனிய வந்து மூலையில நிண்டால், கயல் மணவறையில இருந்து அழுவாள். என்ர மனுசன் உங்கட வாசல் மிதிக்கமாட்டன் எண்டு நிக்குது. நான் என்ன செய்ய?”

அக்கா அந்த முருங்கைக்காயை மூன்றாக முறித்துவிட்டாள். கடைக்காரர் அதற்கும் இருமினார்.

செம்பை அங்கேயே கொடுத்திருக்கலாம். ஆனால் மனோன்மணி அக்காவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. மறுநாள் தனியாகப் பஸ் ஏறினேன்.

கோட் வெர்ட்யூ மெட்ரோ வாசலில் இருந்து பியர்பொன்ட்ஸ் போகிற பஸ் ஒரு நீண்ட பயணம். ஓட்டுநர் ஒரு பெண். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் “போன்ஜூர்” சொன்னார். ஒவ்வொருவரும் திருப்பிச் சொன்னார்கள். வவுனியாவில் ஓட்டுநருக்கு வணக்கம் சொன்னால், டிக்கெட் எடுக்கக் காசில்லை போலிருக்கிறது என்று நினைப்பார்கள். செம்பை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் இருந்தேன். தொழிற்சாலைகள் முடிந்து, வீடுகள் தரையோடு தரையாகப் பரந்து, முற்றத்துப் புல்லெல்லாம் ஒரே உயரத்தில் தெரியத் தொடங்கின.

இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது போல இருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் எழுந்து, பஸ் கூரையில் தட்டி, “இறக்கம்!” என்று கத்திவிட்டேன். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கடைசி இருக்கையில் இருந்து ஒரு குரல்: “அண்ணை, அந்தக் கயிற்றை இழுக்கவேணும்! நான் இழுத்துவிட்டன், பயப்பிடாதையுங்கோ!” யாரென்று பார்ப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. என்னை இறக்கிவிட்ட புண்ணியவாளரின் முகத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

இறங்கிய இடம் பிழை. தெரு வேலைக்காகத் தரிப்பை மாற்றியிருந்தார்கள். அத்தான் சொன்ன அந்தக் கூம்புக் குடும்பம் இங்கேயும் குடியிருந்தது. வெயில் என்றால் வவுனியாவே தோற்றது. கனடா குளிர் என்று சொன்னவர்கள் ஒருவரும் ஜூலையில் இங்கே வந்ததில்லை போல. ஒரு வீட்டு முற்றத்தில் தொப்பை போட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் பூவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். வழி கேட்பதற்காக, ஒரு கையில் செம்பைப் பிடித்தபடி, மறு கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். என்னைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் குழாயைத் திருப்பிச் செம்பு நிறையத் தண்ணீர் விட்டுவிட்டார்.

வேண்டாம் என்று எந்த மொழியில் சொல்வது? “மெர்சி” என்றேன். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே நன்றி. பிறகு முகவரிச் சீட்டைக் காட்ட, அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, இரண்டு தெரு தள்ளி என்று விரலால் காட்டினார். தண்ணீரை அவர் முன்னால் கொட்ட மனம் வரவில்லை. தளும்பத் தளும்ப நடந்தேன்.

ஜெயந்தி அக்கா கதவைத் திறந்தார். வாசலில் நிறைகுடத்தோடு ஒரு மனிதன் வியர்க்க விறுவிறுக்க நிற்கிறான். அவர் அப்படியே வாயில் கையை வைத்துவிட்டார்.

“கலியாணச் செம்பு தண்ணியோட வந்திருக்கு!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். “இஞ்சருங்கோப்பா, ஓடிவாங்கோ!”

அது தொப்பைக்காரரின் வேலை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நல்ல சகுனத்தை யார் அனுப்பினால் என்ன.

சிவநேசன் அண்ணை நல்ல உயரம். ஐம்பதைத் தாண்டியும் உடம்பில் ஒரு சுறுசுறுப்பு. எனக்குத் தேசிக்காய் பிழிந்து சீனி கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். ஊர்ப் புதினமெல்லாம் கேட்டார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “அங்க ஒருத்தருக்கு முழங்கால் எப்பிடி?” என்றார்.

“படி ஏறத்தான் கொஞ்சம் கஷ்டப்படுறார்.”

“எண்ணெய் போடச் சொல்லும். நான் சொன்னதெண்டு சொல்லவேண்டாம்.”

இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டேன். அத்தான் தொலைக்காட்சியில் ஏதோ பெரிய அணிகளின் பேஸ்போல் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நகரத்துக்கென்று ஒரு பெரிய அணி இருந்ததாம். அது எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆனால் பஸ்ஸிலும் கடையிலும் இன்னும் அதன் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். போன ஆளின் சட்டையை அலுமாரியில் தொங்கவிடுகிற மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

அத்தான் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், “அங்க ஒருத்தருக்கு மயிர் கொட்டிட்டுதே?” என்றார்.

“இல்லை. நல்லா இருக்கு.”

“அப்ப மை பூசுறான்” என்றார் அத்தான். அந்த ‘றான்’ என்கிற விகுதியில் எவ்வளவு பாசம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

சனிக்கிழமை ஆட்டம். சென்ட் லோரன்ட், பியர்பொன்ட்ஸ். இரண்டு வருடமாக அத்தான் காத்திருந்த நாள். சிவநேசன் போன பிறகு எதிரணி ஒரு தரமும் இவர்களிடம் தோற்கவில்லையாம். “அவன் இல்லாமலும் எங்களுக்கு வெல்லத் தெரியும் எண்டு அவனுக்குத் தெரியவேணும்” என்றார் அத்தான். காலையில் ஒரு தரம் சொன்னார், காரில் ஒரு தரம் சொன்னார், கதிரையை விரித்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சாப்பாடு சமைத்துக்கொண்டு வருவார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் ஒரே மரத்தடியில் இருந்து சாப்பிடுவார்கள். ஆனால் தோற்ற அணிதான் வென்ற அணிக்குப் பரிமாற வேண்டும். வென்றவர் எழுந்து தானாகப் போட்டுச் சாப்பிடக் கூடாது. இதைக் கொண்டுவந்தவர் ஜீல் என்கிற பிரெஞ்சுக்காரர். சென்ட் லோரன்ட் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர், அணித் தலைவர். மொட்டைத் தலை. தமிழில் ஒரே ஒரு சொல் தெரியும்.

அக்கா என் காதில் சொன்னாள்: “எவன் தோத்தாலும் மற்றவன்ர கோப்பையில போடத்தான் வேணும். அதிலயாவது ஒரு வார்த்தை வராதே? எனக்கு ஆர் வெண்டாலும் ஒண்டுதான்.” அதைச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் இருந்த ஜெயந்தி அக்காவைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இருவரும் அறிமுகமில்லாதவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பேஸ்போல் எனக்கு இப்படித்தான் விளங்கியது: நாலு மூலையில் நாலு தளம். அடித்துவிட்டு ஓடவேண்டும். சுற்றி வந்து வீட்டுத் தளத்தை மிதித்தால் ஓர் ஓட்டம். மூன்று பேர் அவுட்டானால் மற்றப் பக்கத்தின் முறை. மட்டையைக் கையோடு கொண்டு ஓடக் கூடாது. அது மட்டும்தான் பெரிய கஷ்டம்; எங்கள் ஆட்களில் சிலர் முதல் வருடம் கிரிக்கெட் மாதிரி மட்டையையும் இழுத்துக்கொண்டு ஓடினார்களாம்.

ஆட்டம் இழுபறியாகவே போனது. வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒருவர் கத்தினார்: “சென்ட் லோரன்ட் ஆக்களுக்குப் பந்து தெரியேல்லைப் போல. ஆருக்கும் கண்ணாடி இருந்தால் குடுங்கோ!”

அக்கா விடுவாளா? “உங்கட ஆக்கள் புல்லு வெட்டி வெட்டிக் களைச்சுப்போச்சினம். இருந்து ஆறச் சொல்லுங்கோ!”

நடுவில் ஒரு நேரம் நாங்கள் முன்னுக்கு நின்றோம். “அத்தான், வெண்டிட்டம் போல” என்றேன். அவர் என் வாயைக் கையால் பொத்தினார். “வாய் வைக்காதை மச்சான். கடைசி அவுட் விழுமட்டும் இதில ஒண்டும் முடியாது.” நான் வாய் வைத்த பலன், அடுத்த முறையே பியர்பொன்ட்ஸ் எங்களைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு அத்தான் என்னை ஆட்டம் பார்க்கவும் விடவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னார். ஓரக் கண்ணால்தான் பார்த்தேன்.

கடைசி முறை. நாங்கள் அடிக்கிறோம். பியர்பொன்ட்ஸ் ஓர் ஓட்டம் முன்னால். ஏற்கெனவே ஒருவர் அவுட். மூன்றாம் தளத்தில் குகன் என்கிற எங்கள் தமிழ்ப் பொடியன். இரண்டாம் தளத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். அடிக்கிறவர் ஒரு மொரோக்கோக்காரர். அத்தான் கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பாதி எழும்பி, பாதி இருந்து, காற்றில் நின்றார்.

மொரோக்கோக்காரர் அடித்தார். பந்து உயர்ந்து, உயர்ந்து, நடு மைதானத்தின் ஆழத்துக்குப் போனது. அங்கே நின்றது சிவநேசன் அண்ணை. பின்னால் ஓடினார். திரும்பிப் பார்க்காமல் ஓடினார். கடைசியில் திரும்பி, இரண்டு கையையும் நீட்டி, விழுந்து பிடித்தார். பிடித்ததோடு உருண்டு எழுந்தார். என்ன பிடி! எதிரியான நானே கைதட்டிவிட்டேன். அத்தான், “ஐயோ” என்றார். அந்த ஐயோவில் பாதி துக்கம், பாதி பெருமை.

அடித்தவர் அவுட். இரண்டு அவுட் ஆகிவிட்டது. இனி ஒன்றுதான். அந்தச் சந்தோசத்தில் சிவநேசன் அண்ணை என்ன செய்தார் தெரியுமா? பள்ளிக்கூட நாளில் பிடி பிடித்தால் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதைச் செய்தார். பந்தை வானத்துக்கு எறிந்தார். முழுப் பலத்தோடு எறிந்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தன் ஆட்களை நோக்கி ஓடிவந்தார்.

கிரிக்கெட்டில் பிடி பிடித்தால் பந்து செத்துவிட்டது. இங்கே சாகாது. பந்து கையில் விழுந்த கணத்தில் இருந்து, தளத்தில் கால் ஊன்றி நின்றவர்கள் ஓடலாம். இத்தனை வருடம் ஆடியவருக்கு அது தெரியாதா? மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

அத்தான் கதிரையை விட்டு முழுதாக எழுந்துவிட்டார். “ஓடு குகன்! பந்து கையில இல்லையடா, ஓடு!” குகன் பறந்தான், சமம். ஜீல் தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு, வீட்டுத் தளத்துக்குப் பக்கத்தில் நின்று, பிலிப்பைன்ஸ்காரரைப் பார்த்து, “வா! வா! வா! வா!” என்று கை அசைத்தார். பியர்பொன்ட்ஸ் ஆட்கள் பந்தைக் காட்டிக் கத்தினார்கள். சிவநேசன் அண்ணை அது தனக்கான வாழ்த்து என்று நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். பந்து அவருக்குப் பின்னால் எங்கோ புல்லில் விழுந்து உருண்டது. ஒருவர் ஓடிப்போய் எடுத்து எறிந்தார். பிந்திவிட்டது. பிலிப்பைன்ஸ்காரர் நெஞ்சால் சறுக்கி உள்ளே வந்துவிட்டார்.

ஒரே ஓர் ஓட்டம். வென்றுவிட்டோம்.

என் அத்தானை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. முழங்கால் எங்கே போனதோ தெரியவில்லை. குதித்தார். கதிரை கவிழ்ந்தது. ஒரு செருப்பு வேலிக்கு மேலால் போனது. என்னைத் தூக்கப் பார்த்து, முடியாமல், ஜீலின் மொட்டைத் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். “ரெண்டு வருசம் மச்சான்! ரெண்டு வருசம்!” என்று கத்திக்கொண்டே மைதானத்தின் பக்கம் திரும்பினார்.

அங்கே சிவநேசன் அண்ணை நின்றார். விரித்த கை இன்னும் முழுதாக இறங்கவில்லை. அவருடைய அணிப் பொடியன் ஒருவன் கையுறையைக் கழற்றித் தரையில் அடித்து, முகத்துக்கு நேரே ஏதோ கத்தினான். தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ வேறொருவருடைய கை என்பது போல.

அத்தானின் கூச்சல் பாதியில் நின்றது.

எங்கள் பக்கத்தில் ஒருவன் விசிலடித்து, “அண்ணை, பந்துக்குச் செட்டை முளைச்சிட்டுதோ?” என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை.

“பொத்தடா வாயை” என்றார். “அந்தப் பிடியை நீ பிடிச்சிருப்பியே? உன்ர கொப்பன் பிடிச்சிருப்பானே?”

எல்லாரும் திகைத்துவிட்டார்கள். சிவநேசன் அண்ணைக்குக் கேட்டிருக்காது, தூரம். அக்காவுக்குக் கேட்டது. அவள் கவிழ்ந்த கதிரையை நிமிர்த்தி, அத்தானை இருத்தி, அவர் தலையைத் தடவிவிட்டாள்.

மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்தோம். பியர்பொன்ட்ஸ் பொடியன்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு கார்ப் பக்கமே நின்றார்கள். சிவநேசன் அண்ணை ஒருவரையும் கூப்பிடவில்லை. ஜெயந்தி அக்கா செய்த கொத்துரொட்டித் தட்டத்தைத் தனியே தூக்கிக்கொண்டு, கரண்டியோடு வரிசையின் தொடக்கத்துக்கு வந்தார். ஜீலுக்குப் போட்டார். குகனுக்குப் போட்டார். பிலிப்பைன்ஸ்காரருக்கும் மொரோக்கோக்காரருக்கும் போட்டார். ஒவ்வொருவரிடமும் “காணுமே?”, அதாவது போதுமா, என்று கேட்டார். தமிழ் தெரியாதவர்கள் கையை உயர்த்திப் போதும் என்று காட்டினார்கள். எனக்குப் போட்டார். “காணும் அண்ணை” என்றேன்.

எனக்கு அடுத்தது அத்தான்.

அத்தான் தட்டையான காகிதக் கோப்பையை நல்ல முழங்காலில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டிருந்தார். சிவநேசன் அண்ணை ஒரு கரண்டி போட்டார். காணுமே என்று கேட்கவில்லை. அத்தானும் காணும் என்று சொல்லவில்லை. இன்னொரு கரண்டி விழுந்தது. அத்தான் வாய் திறக்கவில்லை. பந்தியில் வாங்குகிறவன் சொல்லாமல் போடுகிறவன் நிறுத்தக் கூடாது. அது எங்கள் ஊர் மரியாதை. போடுகிறவன் கேட்டால்தான் என்ன, வாய் தேய்ந்துவிடுமா? அதுவும் நடக்கவில்லை. மூன்றாவது கரண்டி. நாலாவது. கொத்துரொட்டி ஒரு சின்னக் குன்றாக எழும்பியது.

ஜெயந்தி அக்கா வரிசையின் தொடக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அக்கா சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தாள். ஜீல் மெதுவாக என் காதில் ஆங்கிலத்தில் கேட்டார்: “இதையெல்லாம் இவர் சாப்பிடப் போகிறாரா?” நான் தலையாட்டினேன். என்ன சொல்வது?

இன்னொரு கரண்டி. கோப்பை நடுவால் மடிந்தது. சூடான கொத்துரொட்டி முழுவதும் அத்தானின் வருத்தக்கார முழங்காலில் கொட்டியது.

“டேய்! காணுமடா!” என்று அலறினார் அத்தான்.

“சொன்னால்தானே தெரியும்” என்றார் சிவநேசன் அண்ணை.

அவ்வளவுதான். ஜெயந்தி அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா விம்மலா என்று என்னால் சொல்ல முடியாது. சிவநேசன் அண்ணை தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, குந்தியிருந்து, அத்தானின் காற்சட்டையில் இருந்து ரொட்டித் துண்டுகளைக் கையால் தட்டிவிட்டார்.

“நல்ல பிடி” என்றார் அத்தான், அவர் தலைக்கு மேலால் எங்கோ பார்த்து.

“பிடிச்சு என்ன? எறிஞ்சிட்டனே.”

“நான் எண்டாலும் எறிஞ்சிருப்பன்.”

ரொட்டித் துண்டெல்லாம் தட்டியாகிவிட்டது. பிறகு அத்தான், “ஆனால் அண்டைக்கு நீ அவுட்தான்” என்றார்.

என் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு பாடுபட்டு வந்த வார்த்தையை இந்த மனுசன் ஒரே நிமிடத்தில் கெடுத்துவிட்டாரே என்று நானும் நினைத்தேன்.

“தெரியும்” என்றார் சிவநேசன் அண்ணை.

“தெரியுமே?”

“என்ர கால் படேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும். அதைச் சொல்லுறதுக்கு வேற ஆளே இல்லையே அந்த மைதானத்தில? நீதான் சொல்லவேணுமே?”

இரண்டு வருடமாக அத்தான், ‘அவுட்டா இல்லையா’ என்பதற்கான பதிலைத்தான் தயார் செய்து வைத்திருந்தார். யாரும் கேட்காத கேள்விக்கு. கையை நீட்டினார். சிவநேசன் அண்ணை அதைப் பிடித்து எழும்பினார். எழும்பும்போது அத்தானையும் இழுத்து எழுப்பிவிட்டார். இருவருக்கும் முழங்கால் சொடுக்கிட்டது.

“முழங்காலுக்கு எண்ணெய் போடுறனியே?”

“போடுறன், போடுறன். நீ மை பூசுறதை விடு.”

சிவநேசன் அண்ணை திரும்பி ஜெயந்தி அக்காவைப் பார்த்தார். ஜெயந்தி அக்கா பக்கத்தில் வந்து நின்றார். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ சபையில் கதைக்கிறவர் போல நிமிர்ந்து நின்று கேட்டார்:

“நாளைக்கு வீட்டில நிப்பியளே? நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா வரவேணும்.”

அத்தான் வாயைத் திறந்தார். ஆனால் பதில் வந்தது மரத்தடியின் மற்றக் கரையில் இருந்து. கையில் முறுக்கிய தலைப்பை விட்டுவிட்டு, இரண்டு அணியும் திரும்பிப் பார்க்க, என் அக்கா கத்தினாள்:

“நிப்பம்! விடிய வெள்ளன வாங்கோ! நாங்கள் ஒரு இடமும் போகமாட்டம்!”